ராமாயி ஏன் சாகவில்லை?

போன ஞாயிற்றுக்கிழமை நான் செத்துப் போனேன்.

பதறாதீர்கள். ஒரே ஒரு தடவை செத்திருந்தால் இந்த வாரம் இந்தப் பத்தியே வந்திருக்காது. பல தடவை செத்தேன். குளவி கொட்டி, சிறுத்தை அடித்து, மண்சரிவில் புதைந்து, மழைக்கு வழுக்கித் தண்ணீர் ஓடும் கானில் விழுந்து... ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றேன். எழுந்ததும் நான் யார் என்பது எனக்கே மறந்து போயிருந்தது.

எல்லாம் கம்ப்யூட்டரில்தான். என் அண்ணன் மகள் ஜெனிட்டா செய்திருக்கும் கேம் அது. ஹட்டன் டவுனில் போன் ரிப்பேர் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்துக்கொண்டு, கைவசம் இருந்த லீசிங் கொம்பனி வேலையையும் விட்டுவிட்டு, இரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறாள். நாமே ஒரு பாத்திரமாக மாறி, அலைந்து, சண்டை போட்டு, ஆட்களிடம் பேசிக் கதையை நகர்த்தும் வகைக் கேம். மாதா கோயில் பூசை முடிந்து கடைத் தெருவுக்கு வந்த என்னைப் பிடித்து உட்கார வைத்து, கொஞ்சம் விளையாடிப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றாள். கொஞ்சம் என்றால்... வீட்டில் மத்தியானச் சோறு ஆறிப் போகும் வரைக்கும்.

கதை இதுதான். பனி மூடிய தேயிலை மலையில் ஒரு பெண் கண் விழிக்கிறாள். தான் யார், எங்கிருந்து வந்தோம், ஒன்றும் நினைவில்லை. மலை மலையாக அலைகிறாள். செத்துப் போகிறாள். உடனே எங்கிருந்தோ தப்பு மேளச் சத்தம் கேட்கிறது. பெரட்டுத் தப்பு! தெரியாத வாசகர்களுக்கு – காலையில் தோட்டத்து ஆட்கள் கூடி நிற்க, கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. தப்பு ஓய்ந்ததும் ஒரு குரல் "ராமாயி" என்று கூப்பிடுகிறது. "இருக்கேங்க" என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டு இவள் எழுந்து நிற்கிறாள். மறுபடியும் மலை. மறுபடியும் சாவு. கடைசியில் எல்லா மலைகளுக்கும் மேலே ஏறி நிற்கிறாள். அத்தோடு கேம் முடிந்தது.

அப்படியானால் அவளுக்கு ஏன் மறந்தது? ஏன் சாவே வரவில்லை? கேமில் ஒரு வார்த்தை இல்லை.

எனக்குக் கோபம் வருமா வராதா? காலமெல்லாம் வகுப்பில் 'காரணம் கூறுக' என்று கேட்டுச் சம்பளம் வாங்கியவள் நான். ஜெனிட்டாவிடம் கேட்டேன். தெரியாது அத்தை என்றாள். செய்ததே நீதானே என்றேன். நான்தான் செய்தேன், ஆனாலும் தெரியாது என்றாள். சிரிக்கவில்லை.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கொழும்பில் ஒரு கொம்பனி இந்தக் கேமை வெளியிட விரும்புகிறது. வெளிநாடுகளுக்கும் கொண்டு போவார்களாம். ஆனால் ஒரு நிபந்தனை – மறதிக்கும் சாகாமைக்கும் விளக்கம் வேண்டும். விளக்கத்தையும் அவர்களே எழுதி அனுப்பியிருந்தார்கள். கடைசி மலையில் ஒரு பழைய பங்களா. அதற்குக் கீழே நிலவறை. அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் அங்கே மூலிகை ஆராய்ச்சி செய்திருக்கிறார். அவர் கொடுத்த மருந்துக் குப்பியைக் குடித்ததால்தான் ராமாயிக்கு நினைவு போனது, சாவும் போனது. இதைச் சேர்த்தால் கேம் வெளியே வரும். சேர்க்காவிட்டால் வராது. புதன்கிழமை வீடியோ கோலில் பதில் சொல்ல வேண்டும்.

ஜெனிட்டா சேர்க்க மாட்டேன் என்கிறாள்.

அவளுடைய அம்மா, என் அண்ணி செல்வராணி, அக்கரப்பத்தனையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார், மகளோடு சண்டை போட. "ஒரு குப்பிய வச்சா ஒனக்கு என்னடி கொறஞ்சு போகுது?" என்றார். இருந்த வேலையையும் விட்டாச்சு, வந்த வாய்ப்பையும் விட்டால் லயத்து வரிசை வீடுகளில் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று அவருக்குக் கவலை. நீங்களாவது புத்தி சொல்லுங்க என்று என்னைப் பார்த்தார். உள்ளதைச் சொல்கிறேன், அன்றைக்கு நான் அண்ணி பக்கம்தான். கதை என்றால் காரணம் வேண்டாமா? ஜெனிட்டா எங்கள் இரண்டு பேருக்கும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இந்த இடத்தில் ராமாயியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ராமாயி என்பது என் அண்ணியேதான்.

கோயிலில் அவர் மரிய செல்வராணி. வீட்டிலும் செல்வராணி. பெரட்டில் மட்டும் ராமாயி. குமரியாக இருக்கும்போது தோட்டத்தில் வேலை கேட்டுப் போயிருக்கிறார். உனக்குப் பிறந்த பதிவு கிடையாது, புதுப் பேர் பதிய முடியாது என்றிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ராமாயி என்று ஒரு பெண் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டாள். பேர் மட்டும் இங்கே மிச்சம். இனிமேல் ராமாயி என்று கூப்பிட்டால் நீ பதில் சொல்லு என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார். அவ்வளவுதான்... ஞானஸ்நானம் பெற்ற செல்வராணி, ராமாயியாகவே கொழுந்து எடுத்து, ராமாயியாகவே அடையாள அட்டை எடுத்து, ராமாயியாகவே வேலையை விட்டும் வந்துவிட்டார்.

கப்பல் ஏறிய பெண்ணாவது உண்மையான ராமாயியா? அதுவும் இல்லையாம். அவளுடைய பேர் கருப்பாயி என்கிறார்கள். அவளும் யாருடைய பேருக்கோ பதில் சொன்னவள்தான். முதல் ராமாயி யார், எப்போது செத்தாள், எந்த மலையில் புதைத்தார்கள், யாருக்கும் தெரியாது. அண்ணி வேலையை விட்ட பிறகும் அந்தப் பேரைக் கூப்பிடுகிறார்களாம். பக்கத்து லயத்து மருமகள் ஒருத்தி பதில் சொல்கிறாளாம்.

இப்படி இன்னொருத்தர் பேருக்குப் பதில் சொல்வதை நாங்கள் தோட்டத்தில் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொள்வோம். கேமுக்குத் தன் பேரை வைத்ததற்கு அண்ணி மகளைத் திட்டினாரே ஒழிய, வேறொன்றும் யோசிக்கவில்லை. நானும்தான்.

புதன்கிழமை வந்தது. கேமரா முன்னால் ஜெனிட்டா. கேமராவுக்குப் படாமல் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அண்ணி. பேசியவர் யாழ்ப்பாணத்துக்காரர், கொம்பனியில் பெரிய பொறுப்பில் இருப்பவர். நல்ல மனுஷன், அதைச் சொல்ல வேண்டும். கேமில் அட்டை கடிக்கும் இடத்தில் தன் காலைத் தானே தடவிப் பார்த்ததாகச் சொல்லிச் சிரித்தார். பனியைப் பாராட்டினார். பிறகு விஷயத்துக்கு வந்தார். விளக்கம் இல்லாவிட்டால் விளையாடுகிற ஆட்களுக்குக் கோபம் வரும், கதையில் ஓட்டை என்று எழுதுவார்கள் என்றார். நான் தலையாட்டினேன். எனக்கே வந்ததே!

ஜெனிட்டா யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த மௌனத்தை நிரப்பத்தான் அவர் கேட்டிருக்க வேண்டும். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

"பிள்ளைக்குச் சொந்த ஊர் எது?"

"அக்கரப்பத்தனை, சேர்."

"அது சரி. அதுக்கு முதல்? இந்தியாவில எந்த ஊர்?"

"தெரியாது, சேர்."

"அதென்னெண்டு தெரியாமல் போகும்? வீட்டில கேட்டிருக்கலாமே."

மலையகத்து வாசகர்களே, இந்தக் கேள்வி உங்களுக்குப் புதிதா? பஸ்ஸில் கேட்பார்கள், கல்யாண வீட்டில் கேட்பார்கள், வேலைக்குப் போன இடத்தில் கேட்பார்கள். நான் எப்போதும் 'திருச்சிப் பக்கம்' என்பேன். என் அண்ணன் 'மதுரைப் பக்கம்' என்பார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அப்பா, ஒரே அம்மா! கேட்டவர் வாயை அடைக்க, வாய்க்கு வந்த ஒரு பக்கத்தைச் சொல்லி வைப்போம். நாங்களும் குப்பி வைத்துத்தான் சமாளித்திருக்கிறோம் என்பது அந்த நேரம் எனக்குச் சுரீர் என்று உறைத்தது.

ஜெனிட்டா எந்தப் பக்கத்தையும் சொல்லவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியாது, சேர். அம்மாவைப் பெத்தவங்களுக்கும் தெரியாது. ஏன் தெரியாமப் போச்சுன்னும் தெரியாது. அந்தக் காரணத்த யாராவது எங்களுக்குச் சொல்லட்டும்... அன்னைக்கே கேம்ல போட்டுர்றேன்."

திரையில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறதி தனக்கு விளங்குகிறது என்றார். உண்மையாகத்தான் சொன்னார். ஆனால் சாகாமல் இருப்பதற்காவது அந்த மருந்தை வைத்துக்கொள்ளலாமே, துரை வருகிற இடம் நன்றாக இருக்கிறதே என்றார்.

அப்போது அந்தப் பக்கத்திலிருந்து நாற்காலி நகரும் சத்தம். அண்ணி கேமராவுக்குள் வந்துவிட்டார். குப்பியை வை, குப்பியை வை என்று மகள் உயிரை எடுத்துக்கொண்டிருந்த அதே அண்ணி. வீட்டில் கேட்டிருக்கலாமே என்ற வார்த்தை அவரைச் சுட்டிருக்க வேண்டும். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"நான்தாங்க ராமாயி" என்றார். "குப்பியெல்லாம் வேணாங்க. எந்தத் தொரையும் மருந்து குடுத்து எங்கள எழுப்பல. நாங்களாத்தான் எந்திரிச்சோம்."

சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, போனது போலவே வந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு எழுந்து கை தட்ட வேண்டும் போல இருந்தது. தட்டியிருக்கலாம். கேமராவுக்குத்தான் நான் தெரிய மாட்டேனே!

மற்றவர்களோடு பேசிவிட்டுச் சொல்வதாகக் கூறிக் கொம்பனிக்காரர் விடைபெற்றார். வெள்ளிக்கிழமை பதில் வந்தது. மரியாதையான பதில்தான். தான் எவ்வளவோ சொல்லிப் பார்த்ததாகவும், விளக்கம் இல்லாமல் எடுக்க மற்றவர்கள் சம்மதிக்கவில்லை என்றும், மனம் மாறினால் எப்போதும் வரலாம் என்றும் எழுதியிருந்தார். ஜெனிட்டா அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். அவள் கண் கலங்கியிருந்ததை மறைக்கவில்லை. இரண்டு வருஷ உழைப்பு அல்லவா? இப்போதும் அந்தக் குப்பியை வைத்தால் போதும், கதவு திறந்துதான் இருக்கிறது.

அண்ணி என்ன சொல்வாரோ என்று பார்த்தேன். அவர் மகளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார் – அந்த 'இருக்கேங்க' என்பதைத் திரும்பவும் பதிய முடியுமா?

கேமில் வரும் அந்த மெல்லிய குரல் அண்ணியுடையதுதான். காலமெல்லாம் பெரட்டில், தலையைக் குனிந்து, யாரோ ஒருத்தியின் பேருக்குச் சொல்லிப் பழகிய குரல். அன்றைக்கு மைக்கைப் பிடித்துக்கொண்டு புதிதாகச் சொன்னார். கீழே போன் ரிப்பேர் செய்யும் பையன் என்னவோ ஏதோ என்று மாடி ஏறி வந்துவிட்டான். அவ்வளவு சத்தம்.

ஜெனிட்டா கேமைத் தானே இன்டர்நெட்டில் போட்டுவிட்டாள், குப்பி இல்லாமல், துரை இல்லாமல். முதல் ஆள் வந்துவிட்டார், எந்த நாடோ தெரியாது. 'கதை பரவாயில்லை, ஆனால் அவளுக்கு ஏன் மறந்தது, ஏன் சாகவில்லை என்று கடைசி வரை சொல்லவே இல்லையே' என்று குறைப்பட்டிருக்கிறார். கேளுங்கள் ஐயா, நன்றாகக் கேளுங்கள். நாங்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நான் மறுபடி விளையாடிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பத்தியை எழுதி முடிப்பதற்குள் இன்னொரு தடவை குளவி கொட்டிச் செத்தாயிற்று. தப்புச் சத்தம் கேட்கிறது. பேர் கூப்பிடுகிறார்கள்.

இருக்கேன்!