பிரகாசம் அண்ணன் வாங்காமல் போன கணினி

செய்தி வந்தபோது நான் கோத்தகிரியில் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் உட்கார்ந்து, இன்னும் வெளியே வராத ஒரு கணினியின் தாங்குகாலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். தனிப் பெட்டி இல்லாமல் திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய ‘ஆல்-இன்-ஒன்’ வகை அது. மேசைமேல் அது நிற்கப்போவது ஒற்றைத் தகட்டிலா, இரண்டு கம்பிகளிலா என்று என் வலைப்பதிவில் வாசகர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். போனில் ரோஸ்லின் அண்ணியின் பெயர் வந்தது. பிரகாசம் அண்ணன்தான் மனைவியின் போனிலிருந்து கூப்பிடுகிறார், வழக்கம்போல “ஏதாச்சும் சேதி உண்டா தம்பி?” என்று கேட்பார் என நினைத்தேன். அழைப்பைத் துண்டித்துவிட்டு, அந்தப் பத்தியை முடித்துவிட்டுத்தான் திருப்பிக் கூப்பிட்டேன். “அண்ணன் போயிட்டாருங்க தம்பி” என்றார் அண்ணி. காலையில் நெஞ்சு வலி என்றாராம். கீழ் கோத்தகிரியிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே முடிந்துவிட்டது.

இதைப் படிக்கிற ஊர்க்காரர்களான உங்களில் பலருக்கு ஞானப்பிரகாசம் அண்ணனை என்னைவிட நன்றாகத் தெரியும். தேயிலை எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். ஆனால் நீங்கள் அவரை நினைத்தால் கழுத்தில் கேமராவோடுதான் நினைப்பீர்கள். தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் நடந்த கல்யாணம், ஞானஸ்நானம், காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் கேமராவோடு நின்றது அவர்தான். விறைத்துப்போய் நிற்கும் மாப்பிள்ளைகளைப் பார்த்து, “ஏன்டா, சிரிக்கறதுக்கும் ஆபீஸ்ல லீவு எழுதிக் குடுக்கணுமா?” என்று அதட்டுவாராம். என் அப்பாவும் அந்த அதட்டலில் சிரித்தவர்தான். எங்கள் ஆல்பத்தில் அவர் பல் தெரியச் சிரிக்கும் படம் அது ஒன்றுதான்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் என் கடைக்கு வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின், அதற்குள் காகிதம் சுற்றிய நெகட்டிவ்கள். ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஓரத்தில் வேர் படர்ந்த மாதிரி பூசணம். நம் ஊர் ஈரம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துணி அலமாரிக்குள் பல்பு எரியவிடுகிற ஊர்க்காரர்கள் நாம். அண்ணனும் நெகட்டிவ் அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டுத்தான் இத்தனை வருடம் காப்பாற்றியிருக்கிறார். “இப்ப கடையில எல்.இ.டி. பல்புதான் தம்பி கெடைக்குது. வெளிச்சம் வருது, சூடு வர மாட்டேங்குது. பூசணத்துக்கு வெளக்குப் போட்டு விருந்து வச்ச மாதிரி ஆயிப்போச்சு” என்றார். ஸ்கேனர் வாங்கிவிட்டார். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, புள்ளி புள்ளியாகச் சுத்தம் செய்து, அவரவர் வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். அவருடைய பழைய லேப்டாப்பின் சின்னத் திரையில் அந்தப் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. பெரிய திரையாக, மேசையில் இடம் அடைக்காததாக ஒரு கணினி வேண்டும். பணம் தயாராக இருந்தது. எது வாங்கட்டும் என்று மட்டும்தான் கேட்டார்.

நான், “ஆறு மாசம் பொறுங்கண்ணா” என்றேன்.

பொய் சொல்லவில்லை. அப்போதுதான் அந்த வதந்தி கிளம்பியிருந்தது. அடுத்து வரப்போகும் மாடலில் திரை இன்னும் பெரியது, சுற்றியுள்ள சட்டம் நூல் மாதிரி, கண்ணை உறுத்தாத மங்கல் கண்ணாடி, என்னென்னவோ சொன்னார்கள். இப்போது வாங்கினால் பழசை வாங்கியதாக ஆகிவிடுமே என்று அவருக்காகத்தான் கவலைப்பட்டேன். ஆறு மாதம் கழித்து அந்த நிறுவனம் நிறத்தை மட்டும் மாற்றி ஒன்றை வெளியிட்டது. பெரிய திரை அடுத்த வருடம் என்றார்கள். நானும் “அடுத்த வருஷம்ண்ணா” என்றேன்.

அதற்குள் அண்ணனுக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. சனிக்கிழமை மதியம் பஸ் ஏறி வந்துவிடுவார். ஒரு பொட்டலம் வர்க்கி, இரண்டு டீ, அப்புறம் வராத கணினியைப் பிரித்துப் போட்டுப் பேச்சு. திரைக்குக் கீழே தாடை மாதிரி ஒரு பட்டை இருக்குமே, அது போகுமா போகாதா? “போவாது தம்பி. மூளைய எங்கயாவது வைக்கணுமில்ல. மனுசனுக்கு மேல வச்சான், இதுக்குத் தாடையில வச்சிட்டான்” என்பார். பின்புறம் காற்றுத் துளை எந்தப் பக்கம் என்பது அவருடைய பெரிய கவலை. “துளை மேல இருந்தா மூடுபனி நேரா எறங்கிரும். இவனுங்க எவனும் கோத்தகிரிக்கு வந்து ஒரு ஜூலை மாசம் குடியிருக்கல. இருந்திருந்தா இந்நேரம் கம்பளி உறை தச்சுக் குடுத்திருப்பான்.” அவர் சொன்ன யூகம் பெரும்பாலும் தப்பாகத்தான் போகும். அதைப் பற்றி அவருக்குத் துளியும் வெட்கம் இருந்ததில்லை. “தப்பானது நானில்ல, கம்பெனிக்காரன்” என்பார்.

ஒருநாள் வீட்டுக்கு வரச் சொன்னார். போனால், மேசைமேல் அந்தக் கணினி இருந்தது! அட்டைப்பெட்டியை வெட்டி, சாம்பல் வண்ணம் அடித்து, வதந்தியில் வந்த அளவில் அப்படியே செய்திருந்தார். முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கழுத்து வலிக்குமா, ஜன்னல் வெளிச்சம் விழுமா என்று சோதித்துக்கொண்டிருந்தார். அண்ணி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, “ஏனுங்க, காலையில இருந்து அட்டைக்கு முன்னால உக்காந்திருக்கீங்க, படம் ஏதாச்சும் தெரியுதுங்களா?” என்றார். மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நான் அந்த அட்டைக் கணினியைக் கொஞ்சம் மங்கலாகப் படம் எடுத்து வலைப்பதிவில் போட்டேன். எங்கிருந்தோ கசிந்த உண்மைப் படம் என்று அது ஊரெல்லாம் சுற்றியது. நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். நான் மறுத்து எழுதவும் இல்லை. அந்தப் பெருமை இப்போது என்னைக் கூசவைக்கிறது, ஏனென்றால் அந்தச் சிரிப்பு நடந்துகொண்டிருந்த அறையிலேயே, அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியில், பூசணம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அன்றுதான் அவர் எனக்கு லெட்சுமி அம்மாவின் தாயாரைக் காட்டினார். லெட்சுமி அம்மா இலங்கையிலிருந்து சிறுபிள்ளையாகத் தாயாரோடு திரும்பி வந்து இங்கே கொழுந்து பறித்தவர். தாயாருக்கென்று இருந்த ஒரே படம், லெட்சுமி அம்மாவின் கல்யாணத்தில் அண்ணன் எடுத்தது. வீட்டில் இருந்த பிரதி கூரை ஒழுகி ஊறிப்போய்விட்டது. மிச்சம் இந்த நெகட்டிவ்தான். ஜன்னலோரம் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். வாயில் வெற்றிலையோடு, கேமராவைப் பார்க்க வெட்கப்பட்டு, சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்புகிற ஒரு பெண். ஓரத்தில் மட்டும்தான் பூசணம். முகம் முழுதாக இருந்தது. “கம்ப்யூட்டர் வந்ததும் மொத வேலை இதுதான்” என்றார் அண்ணன். என் கடையிலேயே ஒரு திரை இருந்தது. அதில் செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவர் கேட்கவும் செய்தார். “நம்ம கடை ஸ்கிரீன்ல கலர் சரியா வராதுண்ணா” என்று சொல்லிவிட்டேன். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு என்ன கலர்!

அப்புறம் இரண்டு மழைக்காலம் போனது.

அடக்கத்துக்கு நிறையப் பேர் வந்திருந்தீர்கள். ‘படுக்கையில கெடக்காம போனாரு, நல்ல சாவு’ என்று நாலைந்து பேராவது என்னிடம் சொன்னார்கள். எனக்கு அந்தப் பேச்சே எரிச்சலாக இருந்தது. கல்லறைத் தோட்டத்துப் படியில் லெட்சுமி அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். என்னை இன்னார் என்று அவருக்குத் தெரியாது, யாரோ தெரிந்த பையன் என்றுதான் பேசினார். “கிளாக்கரய்யா என்னயக் காணுற நேரமெல்லாம் சொல்லுவாரு தம்பி, ஒங்க அம்மா படந்தான் மொதல்லன்னு. கம்பியூட்டர் வந்தாத்தானே? எவனோ ஒருத்தன் பொறு பொறுன்னு சொல்லிக்கிட்டே இருந்தானாம்.” நான், “ஆமாங்கம்மா” என்றேன்.

ஏழாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு அண்ணியிடம் என் மனத்தாங்கலைச் சொன்னேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. “நீங்க என்ன தம்பி பண்ணுவீங்க, அவருக்கும் அந்தப் பேச்சு ஒரு ருசி” என்றார். அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் அண்ணி டம்ளரைக் கழுவிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். “ரெண்டு தடவ கோயமுத்தூர் போயி வாங்கிட்டு வந்தறலாம்னு கெளம்பினாருங்க. சொட்டர் போட்டு, பையெல்லாம் எடுத்து, செருப்பும் மாட்டியாச்சு. எதுக்கும் தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறேன்னு வாசல்ல நின்னு உங்களுக்குப் போன் போட்டாரு. அப்பறம் செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்துட்டாரு.”

ஏதாச்சும் சேதி உண்டா என்று அவர் கேட்டபோதெல்லாம் அரட்டைக்கு அழைக்கிறார் என்றே நினைத்திருந்தேன். எந்த இரண்டு அழைப்புகள் செருப்போடு வந்தவை என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் நான் உற்சாகமாக ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன்.

மறு வாரம் அண்ணியே கூப்பிட்டு, கணினி வாங்கப் போகலாம் என்றார். அந்த வாரமும் ஒரு வதந்தி வந்திருந்தது, இந்தத் தடவை உறுதி என்றார்கள். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு அவரோடு மலை இறங்கினேன். கோயமுத்தூர் கடையில் விற்பனையாளர் நல்ல மனிதர். அக்கறையாகத்தான் சொன்னார், “இன்னும் கொஞ்ச நாள்ல புது மாடல் வருதுங்கம்மா. அவசரம் இல்லைன்னா வெயிட் பண்ணிப் பாருங்க.” என் குரலை நானே வெளியே நின்று கேட்ட மாதிரி இருந்தது. அண்ணி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. “எங்க ஊட்டுக்காரர் வெயிட் பண்ணிப் பாத்துட்டாருங்க. நீங்க இதையே கட்டிக் குடுங்க” என்றார்.

மேசையில் கணினியை வைத்து, ஸ்கேனரை இணைத்து, முதலில் எதை ஏற்றுவது என்று அண்ணியும் நானும் பேசிக்கொள்ளவே இல்லை. லெட்சுமி அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். படம் அந்தப் பெரிய திரையில் மெதுவாக இறங்கியது. கல்யாணப் பந்தல், ஒரு தோள், சேலை, மூக்குத்தி, ஒரு கண். மறு கண்ணும் அந்தச் சிரிப்பும் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை வேர்கள். நான் அந்தச் சிரிப்பைப் பார்த்தவன். இனி அதைப் பார்த்ததாகச் சொல்ல இந்த உலகத்தில் மூன்று நான்கு பேர் இருந்தால் அதிகம்.

போன பாதியை இந்தக் கணினியே வரைந்துவிடும், அப்படி ஒரு வசதி இருக்கிறது என்று லெட்சுமி அம்மாவிடம் சொன்னேன். எதையாவது செய்துவிட வேண்டும் என்ற தவிப்பில்தான் சொன்னேன்.

“அதுக்கு எங்கம்மாவத் தெரியுமா தம்பி?”

“தெரியாதுங்கம்மா. இப்படித்தான் இருந்திருக்கும்னு யூகிச்சுப் போடும்.”

“அப்ப வேணாம். அது வேற யாரோ ஆயிரும். இருக்கிறதக் குடு.”

கொஞ்ச நேரம் அந்த ஒரு கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்குமேல் மறைத்தால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது. “பொறு பொறுன்னு ஒருத்தன் சொன்னான்னு சொன்னீங்களேம்மா, அது நான்தான்” என்றேன். அவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் அலமாரியைக் கையால் காட்டி, “அதுக்குள்ள இன்னும் எத்தன பேரு இருக்காங்க?” என்று கேட்டார். நிறையப் பேர் என்றேன். “அப்ப என்னய எதுக்குப் பாத்துக்கிட்டு இருக்க? அவங்களப் பாரு. மழ வருது” என்றார்.

அண்ணனிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்த அலமாரிதான். சனிக்கிழமை தோறும் கடையைப் பூட்டிவிட்டு அங்கே போய், ஒவ்வொரு டின்னாகத் திறக்கிறேன். சில முகங்கள் முழுதாக இருக்கின்றன. அப்படி ஒன்று திரையில் வரும்போது பின்னால் திரும்பி “அண்ணா, பாருங்க” என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, அடுத்த நெகட்டிவைச் சொருகுகிறேன்.