கிணற்றுக்குள் ஒரு தரம் கூப்பிட்டேன்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் "விசர்க் கதை கதையாதேங்கோ" என்று எழும்பிப் போகிற ஆள் நான். ரொறன்ரோவில், மோர்னிங்சைட் பக்கம் என்னைத் தெரிந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். நீங்களும் இதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அப்பாவைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்து விசாவும் கிடைத்து, அவர் கொழும்பில் ஒரு லொட்ஜில் பிளேனுக்காகக் காத்திருந்தார். பத்து வருடத்துக்கு மேல் நான் அவரைக் கண்ணால் காணவில்லை. அவருக்கென்று அறை ஒதுக்கி, குளிருக்குத் தடித்த ஜக்கெட்டும் வாங்கி வைத்துவிட்டு, என் மாமியின் மகள் சாந்தியின் பெட்டை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்காக லண்டன் போனேன்.

மறுநாள் பின்னேரம் சாந்தி காரில் நாட்டுப்புறம் காட்டக் கூட்டிப்போனாள். வயல் நடுவே கல்லால் கட்டிய ஒரு சின்னத் தேவாலயம், எழுநூறு வருடப் பழசாம், கூரை பாதி இல்லை. பக்கத்தில் ஒரு புனிதக் கிணறு, அதன்மேல் சாய்ந்து நின்ற மரம் முழுக்கத் துணித்துண்டுகள், நம் ஆட்கள் நேர்த்திக்குக் கட்டுவதுபோலவே.

"வெள்ளைக்காரருக்கும் விசர்தான்" என்றேன்.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு. அந்தக் காலத்தில கடலுக்குப் போன ஆக்களை உதுக்குள்ள குனிஞ்சு கூப்பிடுவினமாம், அவையும் வந்து சேருவினமாம். மாமாவைக் கூப்பிடன்" என்றாள் சாந்தி.

பகிடிக்குத்தான். குனிந்து, "அப்பா! எப்ப வாறியள்?" என்று கத்தினேன். நம்பினால் நம்புங்கள், எதிரொலியே வரவில்லை. கொஞ்சம் பொறுத்து, கீழேயிருந்து அப்பாவின் குரலில், "போட்டு வாறன்" என்று கேட்டது. வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது அவர் சொல்லுகிற அதே இழுவை. சாந்தி மரத்தைப் படம் எடுத்துக்கொண்டு நின்றாள், தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றாள். எனக்குப் பயம் வரவில்லை, சந்தோசம்தான் வந்தது. வாறன் என்றுதானே சொன்னார் என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

சாந்தி வீட்டுக் கதவைத் திறக்கவே டெலிபோன் அடித்தது. அப்பா மாரடைப்பில் போய்விட்டார்.

கொழும்புக்குப் போய்ச் செத்தவீட்டை முடித்துக்கொண்டு ரொறன்ரோ திரும்பினேன். அடுத்த வருடம் இங்கே வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு தமிழ்க் கடையில், கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற என்னிடம் ஒரு வயதானவர் வந்து, தான் கொழும்பு லொட்ஜில் அப்பாவின் அறையில் இருந்தவர், அப்பா காட்டிய படத்தில் என்னைப் பார்த்திருக்கிறார் என்றார்.

"பிளேன்ரீ குடிச்சுக்கொண்டிருந்த மனுசன், 'மோள் கூப்பிடுறாள், போட்டு வாறன்' எண்டு செருப்பைக் கொழுவிக்கொண்டு எழும்பினார், பிள்ளை. வாசல்லயே விழுந்திட்டார். நீங்கள் ஏன் உள்ளுக்கு வரேல்லை?"

"நான் கொழும்பிலயே நிக்கேல்லை, ஐயா. லண்டனில நிண்டனான்."

அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"பின்னை ஆர் வெளியில நிண்டு 'அப்பா, எப்ப வாறியள்' எண்டு கூப்பிட்டது? எனக்கும் கேட்டதே."

நான் கூப்பிடாமல் விட்டிருந்தால் அவர் பிளேன் ஏறியிருப்பாரோ என்று இத்தனை வருடமாக யோசித்து யோசித்து மனம் நொந்துவிட்டது. இப்போதும் வீட்டில் பிள்ளைகளை நான் கூப்பிடுவதில்லை, மாடியேறிப் போய்த் தோளில் தட்டித்தான் சாப்பிட வரச்சொல்கிறேன்.