மரிலேன் வேண்டாமென்ற புட்டி

மரிலேன் காலையில் காப்பி குடிக்கமாட்டாள். வாசனைத் திரவியம் அவள் வீட்டிலேயே கிடையாது. வேலைநாள்களில் பூண்டைத் தொடுவதில்லை. பிரான்சில் எங்கள் பக்கத்தில் அது துறவறத்துக்குச் சமம். இத்தனையும் மூக்குக்காக. ஊர்த் தக்கைத் தொழிற்சாலையில் இருபத்துமூன்று வருஷமாக அவள் வேலை மோந்து பார்ப்பது.

ஒயின் புட்டிகளை அடைக்கும் தக்கைகளில், மூட்டைக்குச் சிலவற்றை எடுத்துக் கண்ணாடிக் குவளைகளில் தண்ணீர் ஊற்றி ஊறப்போடுவார்கள். மறுநாள் காலை மரிலேன் ஒவ்வொரு மூடியாகத் திறந்து மூக்கை நீட்டுவாள். முந்நூறு குவளை. மழையில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை ஒன்றில் இருந்தாலும் அந்த மூட்டை கழிவு; அந்த வாடை ஒயினையே கெடுத்துவிடும். இப்போது இதற்கு இயந்திரமும் வந்துவிட்டது. இயந்திரம் ஒன்று சொல்லி அவள் வேறு சொன்னால், முதலாளி மறுபடி சோதிக்கச் சொல்வது இயந்திரத்தைத்தான்.

பதினாறு வயதில் பள்ளியை விட்டவள். பெரிய போர்தோ ஒயின் எதையும் அவள் குடித்ததே இல்லை. சந்தையில் கிடைக்கும் சாதா சிவப்புதான் எப்போதும்.

போன அக்டோபரில், எங்கள் லாரி ஓட்டும் ரெஜிசுக்கு அறுபது வயது. அவனும், அவன் மனைவி ஒதெத்தும், மரிலேனும், அலுவலகத்தில் கடிதங்கள் எழுதும் நானுமாக நான்கு பேர் சனி ஞாயிறுக்கு, ஒயினுக்குப் பேர்போன போர்தோ நகரத்துக்குக் கிளம்பினோம். ரெஜிசுக்கு ஒரே ஆசை.

"முப்பது வருஷமா அங்க ஒரு ஒயின் பண்ணைக்குத் தக்கை கொண்டுபோறேன். எப்பவும் பின்வாசல்தான். ஒரு தடவையாவது அவங்க ஒயின மேசையில உக்காந்து குடிக்கணும்."

கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை மாட்டியிருந்தான். பொத்தான் போட முடியவில்லை. ஆற்றங்கரையோரம் நடந்தபோது ஒதெத் விடவில்லை.

"மூச்ச இழுத்துப் புடிச்சிக்கோ, பொத்தான் தெறிச்சு யார் கண்ணுலயாவது படப்போகுது."

மதியம், வெள்ளைத் துணி விரித்த ஒரு பெரிய உணவகம். சட்டையில் வெள்ளித் திராட்சைக்கொத்து குத்திய ஒயின் பரிமாறுபவர் அந்தப் பண்ணையின் புட்டியைத் திறந்தார். தக்கையைச் சின்னத் தட்டில் வைத்துவிட்டு, வழக்கப்படி, ஒயின் கேட்டவன் குவளையில் ஒரு வாய் மட்டும் ஊற்றினார். ரெஜிஸ் குவளையைக் கரகரவென்று சுழற்றி ஒரே மடக்கில் விழுங்கினான்.

"பிரமாதம்!"

இப்படித் தலையாட்டாத ஆளை நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் பாதிரியார்கூட அப்படித்தான். ருசி பார்க்கச் சொல்வது ஒரு மரியாதை. வேண்டாம் என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

நான்கு குவளையிலும் ஒயின் வந்தது. மரிலேன் தன்னுடையதை மூக்கருகே கொண்டுபோய், அப்படியே கீழே வைத்தாள்.

"என்னடி நாய்மூக்கு, இங்கயும் வேலையா? குடிடி!" என்றாள் ஒதெத்.

மரிலேன் தட்டிலிருந்த தக்கையை எடுத்துத் திருப்பினாள். பண்ணையின் பெயருக்கும் வருஷத்துக்கும் கீழே கடுகளவு முத்திரை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் தெரிந்தது. எங்கள் தொழிற்சாலை முத்திரை. அவள் முகம் வெளுத்தது. வாயை மூடிக்கொண்டால் ரெஜிசின் பிறந்தநாள் பிழைக்கும், எங்கள் பெயரும் பிழைக்கும். அவள் மூக்கைத் தவிர சாட்சி யாருமில்லை.

ரெஜிஸ் குவளையைத் தூக்கினான்.

"குடிக்காத, ரெஜிஸ். கெட்டுப்போச்சு."

"நான் இப்பத்தானே குடிச்சேன்! நல்லாத்தானே இருந்துச்சு?"

"நீ எங்க குடிச்சே? முழுங்கினே."

ஒதெத் சிரித்துவிட்டாள். ரெஜிஸ் சிரிக்கவில்லை, காதுவரை சிவந்துவிட்டான். பரிமாறுபவர் வந்தார்.

"மதாம், உங்ககூட வந்த முசே ருசி பாத்து ஒத்துக்கிட்டாரே."

"தெரியும். அவர் மேல தப்பில்ல. ஒயின் செஞ்சவங்க மேலயும் இல்ல. தக்கைதான்."

"எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

அடுத்த மேசைகள் திரும்பிப் பார்த்தன. அவள் அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"இது எங்க தொழிற்சாலைத் தக்கை. மோந்து பாத்து அனுப்புறது நான். இது என்னைத் தாண்டி வந்துடுச்சு."

அவர் மரிலேனின் குவளையை எடுத்து மோந்தார். நெற்றி சுருங்கியது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மோந்தார்.

"இருக்கு. ரொம்ப லேசா. புட்டிய தெறந்தப்போ எனக்கே புடிபடல. மன்னிச்சுக்குங்க, மதாம்."

புதுப் புட்டி வந்தது. ருசி பார்க்க அவர் நேரே மரிலேனிடம் போனார். அவள் ரெஜிசைக் காட்டினாள்.

"பொறந்தநாள் அவனுக்கு."

ரெஜிஸ் இந்தத் தடவை குவளைக்குள் மூக்கை நுழைத்து அப்படியே இருந்தான்.

"தூங்கிட்டியா?" என்றாள் ஒதெத்.

"எனக்கு எல்லாம் ஒரே வாசனையாத்தான் இருக்கு" என்று குவளையை மரிலேன் பக்கம் தள்ளினான். "நீயே சொல்லு. இனிமே நான் எங்க போனாலும் உன்னையும் கூட்டிட்டுத்தான் போகணும்போல."

அவள் மோந்தாள். பிறகு ஒரு வாய் குடித்தாள். முகம் மெல்ல மலர்ந்தது.

"ஊத்துங்க" என்றாள்.

திங்கள்கிழமை, குவளைகளைத் திறக்கும் முன்பே, அந்தத் தக்கையை முதலாளியின் மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னாள்.

"பன்னெண்டு வருஷத்துத் தக்கை, மரிலேன். மூட்டைக்கு நாலுதானே மோக்குறோம், ஒண்ணு தப்பத்தான் செய்யும். யாரும் கேக்கலையே."

"கேக்கலதான். ஆனா அந்த மூட்டைத் தக்கைங்க இன்னும் பண்ணைக்காரங்க நிலவறையில புட்டிகள்ல இருக்கும். அவங்களுக்குத் தெரியணும்."

முதலாளி கொஞ்சநேரம் தாடையைத் தடவினார். பிறகு பழைய பதிவேட்டைத் தேடி எடுக்கச் சொன்னார்.

பண்ணைக்குக் கடிதம் எழுதியது நான். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு சொல்லைக்கூட மழுப்ப விடவில்லை. எங்கள் கடிதங்களில் கையெழுத்து எப்போதும் முதலாளியுடையது. இதை அவரே அவள் பக்கம் நகர்த்தி, பேனாவையும் கொடுத்தார். மரிலேன் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் முழுப்பெயரை எழுதினாள்.