‘அப்ளைட், தேங்க்ஸ்’ என்று ஒரு பதில் வந்தது

கீழே ஏத்தங்காய் சிப்ஸ் கடை. மேலே மேபல் அக்காவின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. குழித்துறையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் சுடிதார், கைப்பை, தலைமுடி எல்லாவற்றிலும் தேங்காய் எண்ணெய் மணம்தான். சரிபார்த்துக் கொடுத்த லேப்டாப்பைக் கஸ்டமர்கள் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கிப்போவார்கள்...

அக்காவின் தம்பி கல்ஃபில் இருந்தார். அங்கே ஏதோ ஆபீஸைக் காலி செய்தபோது கிடைத்த லேப்டாப்புகளை மொத்தமாக அனுப்பி வைத்தார். கீபோர்டில் பாதி அரபி. நாங்கள் எல்லாவற்றிலும் லினக்ஸ் போட்டு விற்றோம். கொள்கை கிள்கை ஒன்றும் இல்லை, வைரஸ் தொல்லை இல்லையே என்றுதான்.

டச்பேட் மட்டும் வேலை செய்யவில்லை. விரலை எவ்வளவு தேய்த்தாலும் திரையில் அம்பு அசையாது.

தேடித் துழாவிக் காரணத்தைப் பிடித்தேன். லினக்ஸின் அடியில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. மெஷினின் ஒவ்வொரு பாகத்தையும் வேலை வாங்குவது அதுதான். கொஞ்சம் கோணலாக நடந்துகொள்ளும் டச்பேடுகளுக்கென்று அதில் ஒரு அட்டவணை உண்டு. எங்கள் லேப்டாப்பின் பெயர் அதில் இல்லை. சேர்த்தேன். அம்பு ஓடியது! அக்கா கீழே போய்ச் சுடச்சுட சிப்ஸ் வாங்கி வந்தார்.

அந்தச் சந்தோஷம் அடுத்த அப்டேட் வரைக்கும்தான். இணையத்திலிருந்து புதுக் கெர்னல் இறங்கினால் என் திருத்தம் காணாமல் போய்விடும். விற்றதெல்லாம் ஒவ்வொன்றாகக் கடைக்குத் திரும்பி வரும். முதல் ஆளாக வருவது மணவாளக்குறிச்சி பாக்கியம் டீச்சர். டியூஷன் பிள்ளைகளுக்காக வாங்கியவர். பஸ் பிடித்து வந்து, படியேறி, மூச்சு வாங்கியபடியே சொல்வார்.

“மேபலே, அம்பு செத்துப்போச்சு கேட்டியா!”

ஒருநாள் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏட்டி, ஊரெல்லாம் கடைப்பேரு நாறுது. இதுக்கொரு முடிவு கட்டு. இல்லேன்னா மிச்சத்தத் தூக்கிப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுட்டு நான் மொபைல் கவர் விக்கப் போறேன்.”

மொபைல் கவர் விற்க நான் எதற்கு? ஒரே வழிதான் இருந்தது. என் திருத்தம் அசல் கெர்னலிலேயே சேர வேண்டும். அப்புறம் எந்த அப்டேட் வந்தாலும் அது கூடவே வரும்.

கெர்னலில் டச்பேட் பகுதிக்குப் பொறுப்பானவர் எங்கேயோ குளிர்தேசத்தில் இருந்தார். அவருக்கு மெயில் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ்தானே... ரெஸ்பெக்டட் சார், ஐ ஹம்ப்ளி பெக், கடைசியில் யுவர்ஸ் ஒபீடியன்ட்லி. தாசில்தாருக்கு எழுதியிருந்தால் மனுஷன் உடனே கையெழுத்துப் போட்டிருப்பார்.

இவரிடமிருந்து இரண்டு வரிதான் வந்தது. மரியாதை வார்த்தைகளை எடுத்துவிடுங்கள், அவையும் கெர்னலின் வரலாற்றில் பதிந்துவிடும் என்று ஒரு வரி. இன்னொன்று, “டஸ் நாட் அப்ளை.”

“என்னட்டி பறயுதாரு அவரு?”

“தெரியலியே எக்கா. அப்ளை ஆகலியாம்.”

“ஓ, அதா! கல்யாணம் கெட்டாத பிள்ளையோ அப்ளிகேஷன்ல புருஷன் பேரு கேட்ட எடத்துல நாட் அப்ளிகபிள்னு எழுதுமே, அதாக்கும். நமக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு பறயுதாரு.”

நான் அழாத குறை. பிறகுதான் விளங்கியது. வரிகளின் முன்னால் இருக்கும் டேப் குறிகளையெல்லாம் என் மெயில் வெறும் இடைவெளிகளாக மாற்றி வைத்திருந்தது. அதனால் திருத்தம் அவருடைய கோப்பில் ஒட்டவில்லை, அவ்வளவுதான். ஒழுங்காக அனுப்பினேன். இந்தத் தடவை ஒற்றை வரியில் பதில்.

“அப்ளைட், தேங்க்ஸ்.”

துள்ளிக் குதிக்க வேண்டியவள்தான் நான். அக்கா கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

“சாடாத மக்கா. அப்ளை தானே பண்ணியிருக்காரு? கெடச்சதுன்னா பறயுதாரு? அவருக்கு மேல ஒரு ஆபீசர் இருப்பாரா இருக்கும். எனக்கத் தம்பி விசாக்கு அப்ளை பண்ணிட்டு எத்தன நாளு வீட்டுல கெடந்தான்னு உனக்குத் தெரியுமா?”

நானும் நம்பினேன்! எங்கள் பக்கத்தில் பேங்க் பரீட்சைக்கு அப்ளை, நர்சிங் சீட்டுக்கு அப்ளை, கல்ஃபுக்கு அப்ளை. அப்ளை பண்ணியாச்சு என்று ஒருவர் சொன்னால் இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். மாதக்கணக்கில் காத்திருந்தோம். எந்தப் பதிலும் வரவில்லை. அக்கா மொபைல் கவர் மொத்த வியாபாரியிடம் விலை விசாரிக்கத் தொடங்கினார். எனக்கு ஒரே வெப்ராளம், இருப்புக் கொள்ளவில்லை.

ஒரு காலையில் படியில் மூச்சு வாங்கும் சத்தம். பாக்கியம் டீச்சர். அப்டேட் போட்டுவிட்டாராம். அக்கா என்னைப் பார்த்து, “மவுஸ எடு,” என்றார். ஒட்டு வேலையாக அதைத்தான் கொடுத்து அனுப்புவோம்.

“மவுஸ் எதுக்குட்டி? அம்பு சாகல்ல. ஏன் சாகல்லன்னு கேக்கத்தான் வந்தேன்.”

லேப்டாப்பைப் பிடுங்காத குறையாக வாங்கித் தேய்த்துப் பார்த்தேன். ஓடியது. கெர்னலின் மாற்றக் குறிப்புகளில் தேடினேன். என் பெயர், இனிஷியலோடு. அவர் ‘அப்ளைட்’ என்று சொன்ன அன்றைக்கே சேர்ந்திருக்கிறது! அக்கா சிரித்த சிரிப்பில் சிப்ஸ் கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தார்.

இப்போது பத்மநாபபுரத்தில் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு இதே வேலைதான் செய்கிறேன். இந்தக் காலத்தில் நாம் அனுப்பும் திருத்தத்தை முதலில் மெஷின்தான் சோதிக்கிறது. தப்பு இருந்தால் டீ ஆறுவதற்குள் சொல்லிவிடும். நல்ல வசதி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பதில் வந்தால் தப்பர்த்தம் சொல்லிச் சண்டை போடப் பக்கத்தில் ஆள் இல்லை...

போன வாரம் பாக்கியம் டீச்சர் போன் செய்தார். ஒருவழியாக அந்த லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுவிட்டாராம்.

“பேட்டரி போச்சு, ஸ்கிரீன் போச்சு, மூடி கழண்டு கையோட வந்துட்டு. எல்லாத்தையும் நானும் சகிச்சேன் கேட்டியா... ஆனா மக்கா, அம்பு மட்டும் பிறவு சாகவே இல்ல.”