நான் விட்டுக் கொடுக்காத லீவு

பாப்பா, தம்பி, போன மாதம் நீங்கள் இரண்டு பேரும் காசு சேர்த்து எனக்குக் கேக் வாங்கி வந்தீர்கள். ஆதார் அட்டையில் இருக்கிற தேதியைப் பார்த்து, காரைக்கால் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் என் பெயரை எழுதச் சொல்லி, வழியில் கசங்காமல் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தீர்கள். நான் கத்தியைக் கையில் வாங்காமல், மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டேன். பாப்பாவுக்கு முகம் சுருங்கிப் போனதைப் பார்த்துக்கொண்டேதான் போனேன்.

"அப்பாவுக்கு இதெல்லாம் புடிக்காதுடி" என்று அம்மா உங்களைச் சமாதானம் செய்தாள். பிடிக்காமல் இல்லை. காரணம் வேறு. அதை வாயால் சொல்ல வரவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில், அந்தத் தேதியே என்னுடையது இல்லை. நான் பிறந்தது தை மாதம், சம்பா அறுப்பு நடக்கும்போது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்றைக்குத் தேதி கேட்டிருக்கிறார்கள். உங்கள் தாத்தாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. வாத்தியார் அவராகவே ஜூன் மாதத்தில் ஒரு நாளைப் போட்டுக்கொண்டார். நம் ஊர் குரும்பகரத்தில் என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள்தான். அந்த ஜூன்தான் பிறகு பாஸ்போர்ட்டிலும் ஏறியது.

பாப்பா, நீ அம்மா வயிற்றில் நாலு மாதமாக இருக்கும்போது நான் கத்தாருக்குப் போனேன். கட்டடங்களில் ஏசிக் காற்று போகிற தகரக் குழாய், டக்ட் என்பார்கள், அதை மாட்டும் வேலை. நீ பிறந்தாய் என்று போனில் சொன்னபோது நான் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தேன். பிறகு உன்னை போனில்தான் பார்த்தேன். ஆவணியில் உனக்கு ஒரு வயது முடியும்போது மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும், அதற்கு நான் ஊரில் இருக்க வேண்டும். எனக்கு அப்போது வேண்டியிருந்தது இது ஒன்றுதான்.

நீங்கள் சித்தப்பா என்று கூப்பிடுகிறீர்களே, தீபாவளிக்கு மிக்சர் டப்பாவோடு வருவாரே, கருக்களாச்சேரிக்காரர், அவர் அப்போது என் ரூமில்தான் இருந்தார். எனக்கு மேல் கட்டில். எனக்கு இளையவன் என்பதால் அவன் என்றே எழுதுகிறேன். அவன் பம்பாயில் வேலை பார்த்தவன், இந்தி நன்றாகப் பேசுவான். எங்கள் ஃபோர்மேன் வடக்கத்திக்காரர். எனக்கு இந்தி ஒரு சொல்கூட வராது. சம்பளத்தில் குறை என்றாலும், காய்ச்சல் என்றாலும், அவனைக் கூட்டிக்கொண்டு போய்த்தான் சொல்வேன். அங்கே எனக்கு வாய் அவன்தான்.

எங்கள் செக்‌ஷனில் ஒருத்தர் ஊருக்குப் போனால், அவர் திரும்பி வந்த பிறகுதான் அடுத்தவர் போகலாம். ஆவணிக்கு என் முறை. அதை உறுதி செய்துகொள்ளலாம் என்று இரண்டு பேரும் ஃபோர்மேனிடம் போனோம். அவன் பேசினான். நான் பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் பேசினான். பாப்பா பேரையும் சொன்னான், அது எனக்குக் காதில் விழுந்தது. ஃபோர்மேன் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"சரின்னு சொல்லுங்கண்ணே" என்றான் அவன்.

"என்னடா கேக்குறாரு?"

"ஒண்ணுமில்ல, இது உங்க சம்மதந்தானேன்னு கேக்குறாரு. சொல்லுங்க."

நான் ஓகே சார் என்றேன். அவர் இன்னொரு தடவை கேட்டார். நான் இன்னொரு தடவை ஓகே சார் என்று தலையையும் ஆட்டினேன். அவர் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். வெளியே வந்ததும் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நான் பெட்டி கட்ட ஆரம்பித்தேன். சூப்பர் மார்க்கெட்டில் பெரிய அட்டைப் பெட்டி ஒன்று கேட்டு வாங்கி, ஆறு பக்கமும் மார்க்கரில் என் பெயரையும் காரைக்கால் என்பதையும் கொட்டை எழுத்தில் எழுதினேன். வெள்ளை வெல்வெட் கவுன், கொலுசு வைத்த குட்டி ஷூ, பால்பவுடர் டின், கோடாலித் தைலம். பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. படுத்தால் கை அதன் மேல் படும்.

ஜூனில் அந்தத் தேதி வந்தது. வேலை முடிந்து ரூமுக்குள் நுழைந்தால் நடுவில் ஸ்டூல், அதன் மேல் கேக், சுற்றி எல்லோரும். ஃபோர்மேன்கூட வந்திருந்தார். எங்கள் ரூமுக்கு அவர் அதற்கு முன் வந்ததே இல்லை.

நான் அவனிடம் மெதுவாகக் கேட்டேன். "ஒனக்குத்தான் தெரியுமேடா, நான் தையில பொறந்தவன்னு."

"கம்பெனிக்கு இதானண்ணே பொறந்த நாள். வெட்டுங்க."

வெட்டினேன். ஃபோர்மேன் முதல் துண்டை எடுத்து என் வாயில் வைத்துவிட்டு ஏதோ நாலு வார்த்தை பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன். எங்கள் ரூமில் நாகூர்க்காரர் ஒருத்தர், வயதில் பெரியவர், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஃபோர்மேன் சொல்றது நெசந்தான் தம்பி. புள்ளை மொகத்தையே இன்னும் பாக்காதவரு, கூட்டாளியோட தங்கச்சி கல்யாணத்துக்குன்னு தன் லீவ எடுத்துக் குடுக்குறீங்க. அல்லா ஒங்களுக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டான்."

கேக் வாயில் இருந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. நான் அவனைப் பார்த்தேன். அவன் மற்றவர்களுக்குத் துண்டு போட்டுக்கொண்டிருந்தான். ஒரே அளவாக, குனிந்த தலை நிமிராமல்.

எல்லோரும் போன பிறகு தட்டுக் கழுவுகிற இடத்தில் அவனைப் பிடித்தேன்.

"ஒன் தங்கச்சிக்குத் தேதி வச்சதை என்கிட்ட சொல்லவே இல்லையே."

"ஆவணியில வச்சிட்டாங்கண்ணே. நான் போயி நிக்கலன்னா நடக்காது."

"கேட்டிருக்கலாமேடா."

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதாண்ணே கேக்கல."

அவன் கேலியாகச் சொல்லவில்லை. தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னான். நாளைக்கே ஃபோர்மேனிடம் போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். "எப்படிண்ணே சொல்லுவீங்க?" என்று கேட்டான். அதுவும் கேலி இல்லை.

நாகூர்க்காரருக்கு இந்தி தெரியும். அவரை அழைத்துப் போயிருக்கலாம். ஆனால் கேக்கைத் தின்று, கைதட்டலை வாங்கி, சிரித்தும் ஆகிவிட்டது. ஃபோர்மேன் முன்னால் இரண்டு தடவை ஓகே சொன்னதும் நான்தான். இனி மாற்றிப் பேசினால் ஒரு பெண்ணின் கல்யாணத்தைத் தடுத்தவன் என்ற பேர் வரும். அந்த வழியையும் அவன் அடைத்துவிட்டுத்தான் ரூமுக்குக் கேக் வாங்கி வந்திருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வீட்டுக்கும் அவனே முந்திக்கொண்டு போன் செய்திருந்தான். அண்ணன் பெரிய மனசு பண்ணி விட்டுக் கொடுத்துட்டாரு என்று. நான் கூப்பிட்டபோது உங்கள் அம்மா அழுதாள், பிறகு ஏசினாள்.

"ஊருக்கெல்லாம் விட்டுக் குடுங்க. பெத்த புள்ளைக்கு மட்டும் நேரமில்ல ஒங்களுக்கு."

விவரம் தெரியாமல் நின்று தலையாட்டிவிட்டு வந்தேன் என்று பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது? கல்நெஞ்சுக்காரன் என்று நினைத்தாலும் நினைக்கட்டும், முட்டாள் என்று நினைக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன். இன்று வரை அவளுக்குத் தெரியாது. இந்தத் தாளை நீங்கள் படித்தால் அவளும் படிப்பாள். படிக்கட்டும்.

பெட்டியை அவன்தான் கொண்டு போனான். ஊருக்குப் போகிறவர் எல்லோர் சாமானையும் எடுத்துப் போவது அங்கே வழக்கம், மறுத்தால் நாலு பேர் கேட்பார்கள். ஆறு பக்கமும் என் பெயரின் மேல் பிரவுன் டேப்பை ஒட்டி, அதன் மேல் தன் பெயரை எழுதினான். காரைக்கால் என்பதை மட்டும் அப்படியே விட்டுவிட்டான். அது இரண்டு பேருக்கும் பொது.

உன் பிறந்தநாள் வெள்ளிக்கிழமை வந்தது, எங்களுக்கு விடுமுறை. காலையில் வீடியோவில் கூப்பிட்டார்கள். மொட்டைத் தலையில் சந்தனம், வெள்ளைக் கவுன், காதில் புதுத் தோடு. காது குத்தும்போது நீ தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அழுதாயாம். நான் பார்க்கும்போது நீ சித்தப்பா மடியில் இருந்தாய். அவனுடைய வாட்ச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாய். அவன் உன் கையைப் பிடித்து போனை நோக்கி ஆட்டினான்.

"அது அப்பாடா செல்லம், அப்பாவைப் பாரு" என்றான்.

நீ என்னைப் பார்த்தாய். முகத்தைத் திருப்பிக்கொண்டு அவன் சட்டைக்குள் ஒளிந்தாய். எல்லோரும் சிரித்தார்கள். "புதுசா பாக்குதுல்ல, அதான் வெக்கம்" என்றான் அவன்.

அன்றைக்கு அவனை வைத்து எடுத்த போட்டோதான் நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அதைப் பார்த்துவிட்டு, "ஒங்கப்பா மட்டும் அன்னிக்கு லீவ விட்டுக் குடுக்கலன்னா ஒங்க அத்தை கல்யாணமே நடந்திருக்காது" என்று உங்களிடம் சொல்கிறானே, நீங்களும் என்னைப் பெருமையாகப் பார்க்கிறீர்களே, அந்த நேரத்தில்தான் எனக்கு அந்தக் கேக் மறுபடியும் வாயில் வந்து நிற்கிறது. நான் விட்டுக் கொடுக்கவில்லை, பிள்ளைகளே. என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தங்கச்சி நன்றாக இருக்கட்டும், அவள் மேல் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் நான் செய்யாத காரியத்துக்கு உங்களிடம் பாராட்டு வாங்கிக்கொண்டு என்னால் இனி உட்கார்ந்திருக்க முடியாது.

அந்த வெள்ளிக்கிழமை போனை வைத்த பிறகு, ரூமில் மற்றவர்கள் தொழுகைக்கும் கடைக்கும் போயிருந்தார்கள். நான் சூப்பர் மார்க்கெட்டின் பின்பக்கம் போனேன். பிஸ்கெட் வந்த காலிப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் திரும்பி வந்தேன். என் அடுத்த முறைக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. உள்ளே வைப்பதற்கு ஒரு பொருளும் இல்லை. ஆனாலும் தரையில் உட்கார்ந்து, மார்க்கரை எடுத்து, ஆறு பக்கமும் என் பெயரை எழுதி, மை காயும் வரை ஊதிவிட்டு, அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.