முந்திரி மரத்தில் ஒரு தகரப் பலகை

நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் வடலூர் சாலையில் மனை வாங்கிக் குடியேறிய நகர் எங்களுடையது. அதன் பசுமைக் குழுத் தலைவரை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது. முப்பது வருஷம் மைன்ஸில் மண்ணைத் தோண்டித் தள்ளியவருக்கு, ரிட்டையர் ஆன மறுநாளே மண்மேல் பாசம் பொங்கிவிட்டது. வெள்ளை அரைக்கால் சட்டை, கழுத்தில் விசில். யார் புல்லை மிதித்தாலும் ஊதுவார். மரத்துக்கு மரம், "நட்டவர்" என்று தன் பெயர் எழுதிய தகரப் பலகையைக் கட்டுவார்.

பூங்கா ஓரத்தில் வெட்டாமல் விட்டிருந்த ஒரே முந்திரி மரத்திலும் ஒன்றைக் கட்டினார். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தோட்டக்காரப் பெண் அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"சார், இது எங்க மாமனாரு வச்ச மரங்க. இங்க பூரா எங்க தோப்புதாங்க இருந்துது."

"அதெல்லாம் பழைய கதைம்மா. இப்ப இதைக் காப்பாத்துறது யாரு?"

"நாந்தாங்க தண்ணி ஊத்திகினு இருக்கேன்."

அவர் விசிலை ஊதினார். "புல்லு மேல நிக்கிற. தள்ளிப் போம்மா."

அன்று மாலை நகர்க் கூட்டத்தில், மண்ணைக் காப்பது பற்றி அரைமணி நேரம் பேசினார். முன்வரிசையில் உட்கார்ந்து நானும் கைதட்டினேன். என் வீடும் அந்தத் தோப்பில்தான் நிற்கிறது.