முருகன் படத்துக்கு அடியில் மறைந்த பட்டன்

மலேசியாவின் லூனாஸில் எங்கள் கோயிலின் பால்குடப் பதிவுக்கு நான்தான் இணையப் பக்கம் செய்து கொடுத்தேன். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் சாந்தி அக்கா மூன்று முறை அழைத்தார்.

“பதியற பட்டனே இல்ல தம்பி.”

“கீழதான் இருக்கு லா அக்கா, நல்லா பாருங்க,” என்று எரிந்து விழுந்தேன்.

கடைசி நாளன்று கோயிலுக்கே வந்துவிட்டார். “மகன் ஆபரேஷனுக்கு நேந்துக்கிட்டது தம்பி. எனக்குத்தான் பார்க்கத் தெரியல போல,” என்று பழைய போனை நீட்டினார்.

நானோ என் புது போனில் மட்டுமே சரிபார்த்திருந்தேன். நான் எழுதியிருந்த புதுமுறை நிரல் அவருடைய பழைய பிரவுசருக்குப் புரியாமல், பட்டன் முருகன் படத்துக்கு அடியில் மறைந்து கிடந்தது. அங்கேயே அவர் பெயரைப் பதிந்தேன்.

இப்போதெல்லாம் யாராவது எதையாவது காணோம் என்றால், “நல்லா பாருங்க” என்பதில்லை. “போனைக் கொடுங்க, நான் பார்க்கிறேன்” என்கிறேன்.